பாடங்கேட்டல் மரபும் இலவச இணையக் காணொளிப் பாடங்களும்: என்.பி.டி.இ.எல். திட்டத்தை முன்வைத்து ஒரு விளக்க ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

உயர்கல்வி நிறுவனங்களின் வகுப்பறை உரைகள் காணொளிகளாக இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இந்தியாவில் இத்துறையில் முன்னோடியாக விளங்குவது, இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டமாகும். இக்கட்டுரை அத்திட்டத்தின் தோற்றத்தையும் செயல்முறையையும் விளக்குகிறது. நன்னூற் பாயிரம் கூறும் பாடங்கேட்டல் மரபைக் கொண்டு காணொளிக் கல்வியின் வலிமையையும் எல்லையையும் மதிப்பிடுகிறது. காணொளிப் பாடம் தமிழ் மாணவருக்கு உண்மையில் பயன்படுவதற்கு அதன் எழுத்துவடிவமும் கலைச்சொல் ஒழுங்கும் அடிப்படையாக அமைகின்றன என்பதும், அப்பணி தமிழ்த்துறைகளின் பொறுப்பிற்கு உரியது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: காணொளிப் பாடம், என்.பி.டி.இ.எல்., ஸ்வயம், திறந்தநிலைக் கல்வி வளம், நன்னூல், கலைச்சொல், எழுத்துப்பெயர்ப்பு

முன்னுரை

தமிழில் கல்வி என்பது நெடுங்காலம் கேட்டலையே அடிப்படையாகக் கொண்டிருந்தது. ஆசிரியரிடம் படித்தலைப் 'பாடம் கேட்டல்' என்றே வழங்கினர். உ.வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றதும் இம்முறையிலேயாகும். ஆசிரியர் இருக்குமிடத்திற்கு மாணவர் சென்று, அங்கேயே தங்கி, அவர் சொல்லக் கேட்டுக் கற்பது அம்முறையின் இயல்பு. ஆகவே ஊர், பொருள்வசதி, பிறப்பு ஆகியவற்றால் ஆசிரியரை அணுக இயலாதவருக்குக் கல்வியும் எட்டாததாயிற்று.

இணையக் காணொளி இந்நிலையில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்துள்ளது. ஆசிரியரின் உரை, அவர் இருக்கும் இடத்தையும் உரைத்த காலத்தையும் கடந்து, கேட்க விரும்புவோர் அனைவருக்கும் கிட்டுகிறது. சிற்றூரில் உள்ள பொறியியல் மாணவர் ஒருவர், தாம் நுழைவுத்தேர்வில் இடம்பெற இயலாத நிறுவனத்தின் பேராசிரியரிடம் 'பாடம் கேட்க' முடிகிறது. ஆயினும், கேட்கக் கிடைத்தலும் கற்றலும் ஒன்றாகா. கிடைக்கும் உரை எம்மொழியில் உள்ளது, அதன் சொற்கள் கேட்போருக்கு விளங்குகின்றனவா, ஐயம் எழுந்தால் யாரை வினவுவது என்னும் கேள்விகள் எஞ்சி நிற்கின்றன. பள்ளிக்கல்வியைத் தமிழ்வழியில் முடித்துக் கல்லூரியில் ஆங்கில உரையை எதிர்கொள்ளும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இக்கேள்விகள் வாழ்வை முடிவு செய்யும் தன்மையன. அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வரலாற்றுப் பின்புலம்

ஒலி, ஒளி ஊடகங்கள்வழிக் கல்வி வழங்கும் முயற்சி இணையத்திற்கு முற்பட்டது. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டு சனவரி முதல் வானொலி, தொலைக்காட்சி வாயிலாகப் பாடங்களை ஒலி, ஒளிபரப்பியது. இந்தியாவில் 1975 - 76ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஏ.டி.எஸ். 6 செயற்கைக்கோளின் உதவியால் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. பல்கலைக்கழக மானியக்குழுவின் 'நாடு தழுவிய வகுப்பறை' 1984ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தூர்தர்ஷனில் தொடங்கியது. கல்விக்கெனவே அமைந்த எடுசாட் செயற்கைக்கோள் 2004ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் ஏவப்பட்டது.

இம்முயற்சிகள் யாவும் ஒளிபரப்பின் கட்டுக்குள் அடங்கியவை. குறித்த நேரத்தில் தொலைக்காட்சியின்முன் அமராதவருக்குப் பாடம் கிட்டாது. விளங்காத பகுதியை நிறுத்தி மீளக் கேட்கவும் வழியில்லை. இணையம் இத்தடையை நீக்கியது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) தன் பாடப்பொருள்களை யாவருக்கும் கட்டணமின்றி இணையத்தில் வழங்கப்போவதாக 2001ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிவித்தது. 2002இல் 50 பாடங்களுடன் முன்னோட்டம் வெளிவந்தது. 2007இன் இறுதியில் பாடங்களின் எண்ணிக்கை 1,800ஐ எட்டியது. பணம் வாங்கிக்கொண்டு இணையவழிக் கல்வி விற்கப் பல நிறுவனங்கள் முனைந்திருந்த காலத்தில் எடுக்கப்பட்ட முடிவு இது என்பது குறிப்பிடத்தக்கது. அக்கழகத்தில் கில்பர்ட் ஸ்ட்ராங் நிகழ்த்திய நேரியல் இயற்கணித உரைகள் உலகெங்கும் மாணவர்களால் கேட்கப்பட்டன. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் தவிர அவற்றில் வேறு காட்சி உத்தி எதுவுமில்லை.

2005இல் யூடியூப் தோன்றியபின் காணொளியைப் பதிவேற்றுவதற்கான செலவு பெரிதும் குறைந்தது. சல்மான் கான் என்பவர் தம் உறவினர் மகளுக்குத் தொலைவிலிருந்து கணிதம் கற்பிக்கத் தொடங்கி, அப்பாடங்களை 2006 முதல் யூடியூபில் வெளியிட்டார். அதுவே கான் அகாதெமியாக வளர்ந்தது. 2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இணையத்தில் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்திற்கு ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தனர். அடுத்த ஆண்டிலேயே கோர்செரா, எட்எக்ஸ் ஆகிய தளங்கள் தோன்றின.

2. என்.பி.டி.இ.எல். திட்டமும் ஸ்வயம் தளமும்

தொழில்நுட்பம்வழிக் கற்றலை மேம்படுத்தும் தேசியத் திட்டமே என்.பி.டி.இ.எல். எனச் சுருக்கமாக வழங்கப்படுகிறது. சென்னை, மும்பை, தில்லி, கான்பூர், கரக்பூர், கவுகாத்தி, ரூர்க்கி ஆகிய ஏழு இடங்களிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் கழகமும் நடுவண் அரசின் நிதியுதவியுடன் இதனை 2003இல் தொடங்கின. பொறியியற் கல்லூரிகள் விரைந்து பெருகிய காலம் அது. கல்லூரிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தகுதியுடைய ஆசிரியர் எண்ணிக்கை பெருகவில்லை. சில நிறுவனங்களில் மட்டும் குவிந்திருந்த ஆசிரியர் வளத்தை நாடு முழுவதற்கும் பங்கிடுவதே திட்டத்தின் நோக்கமாயிற்று.

தொடக்கக்காலப் பாடங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ நாற்பது மணிநேர உரைகளைக் கொண்டிருந்தன. ஒரு பருவத்திற்குரிய வகுப்பறைப் பாடத்தை அப்படியே பதிவு செய்தலே அன்றைய முறை. பின்னர் நான்கு, எட்டு, பன்னிரண்டு வார அளவில் பாடங்கள் வகுக்கப்பட்டுச் சான்றிதழ்த் தேர்வும் இணைக்கப்பட்டது. பாடத்தில் சேரவும் கேட்கவும் கட்டணமில்லை. தேர்வெழுத விரும்புவோர் மட்டும் கட்டணம் செலுத்துகின்றனர். வாரந்தோறும் தரப்படும் ஒப்படைப்புகளுக்கு 25 விழுக்காடும், தேர்வு மையத்திற்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடும் மதிப்பெண் வழங்குதல் பொதுவான வழக்கமாகும். கல்லூரிகளில் உள்ளூர்க் கிளைகள் அமைக்கப்பட்டு, ஆசிரியர் ஒருவர் தொடர்பாளராகச் செயல்படுகிறார்.

2017ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் நடுவண் அரசின் ஸ்வயம் தளம் தொடங்கப்பெற்றது. என்.பி.டி.இ.எல். அதன் தேசிய ஒருங்கிணைப்பு நிறுவனங்களுள் ஒன்றாகும். ஸ்வயம் பாடம் ஒவ்வொன்றும் நான்கு கூறுகளைக் கொண்டது: காணொளி உரை, படிப்பதற்குரிய பாடநூற்பகுதி, தன்மதிப்பீட்டு வினாக்கள், ஐயம் வினவுதற்கான கலந்துரையாடற் களம். இணைய வசதி குறைந்தோரைக் கருதி, ஸ்வயம் பிரபா என்னும் பெயரில் 32 தொலைக்காட்சி அலைவரிசைகளும் தொடங்கப்பட்டன.

பல்கலைக்கழக மானியக்குழுவின் 2016ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, ஒரு பருவத்துப் பாடங்களில் 20 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் பயில இசைவளித்தது. 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறை அதனை 40 விழுக்காடாக உயர்த்தியது. இம்மாற்றம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. தொடக்கத்தில் வகுப்பறைக்குத் துணையாக இருந்த காணொளி, இப்போது வகுப்பறைக்கு மாற்றாகவும் அமையக்கூடும். ஆசிரியப் பணியிடத்தை நிரப்பாத கல்லூரி, காணொளியைக் காட்டித் தன் கடமையை நிறைவு செய்துவிட்டதாகக் கருதும் வாய்ப்பும் இதனால் உருவாகிறது. ஆகவே காணொளி எதனைத் தரவல்லது, எதனைத் தர இயலாதது என்னும் வரையறை கல்வியியல் சார்ந்த தேவையாகிறது.

3. நன்னூல் காட்டும் நான்கு கால்கள்

அவ்வரையறைக்குத் தமிழ் மரபிலேயே ஓர் அளவுகோல் உண்டு. பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில் நூலின் இலக்கணத்தோடு நிறுத்தாமல், ஆசிரியர் இலக்கணம், பாடஞ்சொல்லலின் இயல்பு, மாணாக்கர் இலக்கணம், பாடங்கேட்டலின் மரபு ஆகியவற்றையும் விரித்துரைக்கிறார். கற்றலை அவர் அளவிட்டுக் காட்டும் பகுதி இவ்வாய்வுக்கு மிகவும் பொருத்தமானது. ஒரு நூலை ஒருமுறை கேட்டவன் மீண்டும் கேட்டால் பிழை குறையும். மூன்றாம் முறை கேட்டால் முறைப்பட எடுத்துச் சொல்லும் ஆற்றல் பெறுவான். எனினும் ஆசிரியர் உரைத்ததை நன்கு உள்வாங்கிக்கொண்டாலும் புலமையில் காற்பங்கே கைவரும். உடன்பயில்வோரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு விரித்துரைப்பதால் நிறைவுறும். இதுவே நன்னூலார் தரும் கணக்கின் சாரம்.

இக்கணக்கைக் காணொளிப் பாடத்தோடு பொருத்திப் பார்க்கலாம். முதற் காற்பங்கைக் காணொளி சிறப்பாகத் தருகிறது. மூன்று முறை கேட்டல் முற்காலத்தில் ஆசிரியரின் பொறுமையையும் ஓய்வையும் பொறுத்தது. இன்றோ மாணவர் விரும்பியவாறு உரையை நிறுத்தலாம்; பின்னே சென்று மீளக் கேட்கலாம்; விரைவைக் குறைக்கலாம். எத்தனை முறை கேட்பினும் உரை சலிப்படைவதில்லை. வகுப்பில் மீண்டும் கேட்க நாணும் மாணவருக்கு இது பெரும் வாய்ப்பாகும்.

இரண்டாம் காற்பங்கு காணொளியில் இயல்பாக அமைவதில்லை. கலந்துரையாடற் களங்கள் அக்குறையை ஓரளவு நிறைவு செய்கின்றன. கல்லூரியில் பலர் ஒரே பாடத்தில் சேர்ந்து, குழுவாக அமர்ந்து கேட்டு, தமக்குள் வினவி விடை காணும்போது அது மேலும் வலுப்பெறும். உள்ளூர்க் கிளை என்னும் அமைப்பின் உண்மையான பயன் இங்கேதான் உள்ளது. பதிவுக் கணக்கைத் தொகுப்பதோடு நின்றுவிடும் கிளை இப்பயனை இழக்கிறது.

எஞ்சிய அரைப்பங்கைக் காணொளி தானே தர இயலாது. கேட்டவர் தம் சொற்களில் பிறருக்கு எடுத்துரைக்க வேண்டும். ஆங்கிலத்தில் கேட்ட பாடத்தைத் தமிழில் சக மாணவருக்கு விளக்க முற்படும்போதுதான் கருத்துத் தெளிவும் சொற்பஞ்சமும் ஒருங்கே வெளிப்படுகின்றன. இது பின்வரும் மொழிசார் ஆய்வுக்கு வழிவகுக்கிறது.

நன்னூலாரின் கணிப்பு, பாடஞ்சொல்லும் ஆசிரியர் கேட்போரின் கொள்திறன் அறிந்து உரைக்க வேண்டும் என்னும் கருத்தோடும் இணைந்தது. பதிவு செய்யப்பட்ட உரைக்கு எதிரிலுள்ளவர் முகம் தெரியாது. விளங்கவில்லை என்னும் குறிப்பை உணர்ந்து வேறோர் எடுத்துக்காட்டுச் சொல்லுதல் அதற்கு இயலாது.

தற்கால ஆய்வுகளும் இதனோடு ஒத்துச் செல்கின்றன. எட்எக்ஸ் தளத்தின் நான்கு பாடங்களில் 69 இலட்சம் காணொளிப் பார்வைகளை ஆராய்ந்து பிலிப் குவோ முதலியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, காணொளி எவ்வளவு நீளமாக இருப்பினும் மாணவர் அதில் ஈடுபடும் இடைநிலைக் கால அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை எனக் காட்டியது. வகுப்பறை உரையை அப்படியே பதிவு செய்த நீண்ட காணொளியைவிட, சிறு பகுதிகளாகத் திட்டமிட்டு எடுக்கப்பட்டவை மிகுந்த ஈடுபாட்டைப் பெற்றன. ஜஸ்டின் ரைச், ஹொசே ருயிபெரெஸ் வாலியன்டே ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, எம்.ஐ.டி., ஹார்வர்டு நிறுவனங்களின் எட்எக்ஸ் பாடங்களில் 2017 - 18இல் சேர்ந்தோருள் 3.13 விழுக்காட்டினரே பாடத்தை நிறைவு செய்தனர். கட்டணம் செலுத்திச் சான்றிதழ் வழியில் சேர்ந்தோருள் நிறைவு செய்தோர் 46 விழுக்காட்டினர். பதிவு செய்யும் அனைவரும் முழுப்பாடத்தையும் முடிக்கும் நோக்கமுடையவர் அல்லர் என்பதனால், முதல் எண்ணைத் தோல்வியின் அளவாகக் கொள்ள இயலாது. எனினும், கதவு திறந்திருத்தல் மட்டுமே உள்ளே அழைத்துச் செல்லப் போதாது என்பதை அது உணர்த்துகிறது.

4. இலவசம், திறந்தநிலை, அணுகல்

காணொளிப் பாடங்களைப் பற்றிய பேச்சில் மூன்று கருத்துகள் ஒன்றாகக் கலந்து வழங்குகின்றன. அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும்.

இலவசம் என்பது விலையைப் பற்றியது. பார்ப்பவர் பணம் தருவதில்லை. ஆனால் இணையக் கட்டணம், கருவி, நேரம் ஆகியவற்றின் செலவு அவரைச் சார்ந்ததே.

திறந்தநிலை என்பது உரிமையைப் பற்றியது. 'திறந்தநிலைக் கல்வி வளம்' என்னும் தொடரை யுனெஸ்கோ 2002இல் நடத்திய கூட்டம் வழக்கிற்குக் கொண்டுவந்தது. ஒரு பாடத்தைப் படியெடுத்து வைத்தல், மாற்றியமைத்தல், மொழிபெயர்த்தல், மீண்டும் பரப்புதல் ஆகியவற்றுக்கு உரிமை தரப்பட்டிருந்தால்தான் அது திறந்தநிலை வளமாகும். எம்.ஐ.டி.யின் பாடப்பொருள்கள், ஆக்கியோரைக் குறிப்பிடுதல், வணிக நோக்கின்மை, அதே உரிமத்தில் பகிர்தல் என்னும் நிபந்தனைகளுடைய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் உள்ளன. யூடியூபில் காணக்கிடைக்கும் உரைகள் யாவும் இத்தகைய உரிமம் உடையன அல்ல. உரிமம் இல்லாத உரையைத் தமிழாக்கிப் பரப்ப உரியவரின் இசைவு வேண்டும். மொழிபெயர்ப்பாளர் முதலில் அறியவேண்டிய செய்தி இது.

அணுகல் என்பது கேட்போரின் நிலையைப் பற்றியது. செவித்திறன் குறைந்தவர், பார்வைத்திறன் குறைந்தவர், உரையின் மொழியில் பயிற்சியற்றவர் ஆகியோருக்கும் அப்பாடம் பயன்படுகிறதா என்பதே இங்கு வினா. அமெரிக்காவின் பெர்க்லி கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது இதன் இன்றியமையாமையைப் புலப்படுத்தும். அப்பல்கலைக்கழகம் பொதுவில் வெளியிட்டிருந்த உரைகள் பலவற்றில் முறையான எழுத்துவரிகள் இல்லை எனச் செவித்திறன் குறைந்தோர் சார்பில் முறையீடு எழுந்தது. அவ்வுரைகள் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்திற்கு ஏற்ப அமையவில்லை என 2016ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறை தெரிவித்தது. அனைத்திற்கும் எழுத்துவரி சேர்ப்பதற்குப் பெருஞ்செலவாகும் எனக் கருதிய பல்கலைக்கழகம், 2017 மார்ச்சில் 20,000க்கும் மேற்பட்ட ஒலி, ஒளிப்பதிவுகளைப் பொதுப்பார்வையிலிருந்து விலக்கியது. பிறர் சிலர் படியெடுத்துப் பாதுகாத்தமையால் அவை முற்றிலும் அழியாமல் தப்பின.

இந்நிகழ்வு இரு பாடங்களைத் தருகிறது. உரை பதிவாகும்போதே அதன் எழுத்துவடிவமும் உருவாக வேண்டும். பின்னாளில் சேர்ப்பது பெருஞ்சுமையாகும். படியெடுக்க உரிமையில்லாத வளம் ஒரே நாளில் மறையக்கூடும். ஓலைச்சுவடிகளின் இழப்பை அறிந்த தமிழாய்வாளர்க்கு இவ்விரண்டாம் செய்தியை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

5. உரையிலிருந்து எழுத்துக்கு

என்.பி.டி.இ.எல். தன் பாடங்களின் எழுத்துவடிவங்களை வெளியிடுவதோடு, அவற்றைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெயர்த்தும் வழங்கி வருகிறது. இப்பணியின் அளவைக் கணக்கிட்டுக் காணலாம். நிமிடத்திற்கு 120 சொற்கள் வீதம் ஒருவர் பேசுவதாகக் கொண்டால், ஒரு மணிநேர உரையில் 7,200 சொற்கள் அமையும். 30 மணிநேரப் பாடம் 2,16,000 சொற்களைக் கொண்டதாகும். ஒரே பாடம் பெருநூல் ஒன்றின் அளவுடையது. இவ்வளவு பரப்பைக் கணினியின் துணையின்றி மொழிபெயர்த்தல் அரிது. கணினி பெயர்த்ததை மனிதர் திருத்தாமல் வெளியிடுவதும் தகாது. திருத்துவோர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் மூன்று வகைப்படும்.

5.1 சுட்டுச்சொற்கள்

வகுப்பறை உரை சுட்டுகளால் நிறைந்தது. 'இதனை இங்கே கொண்டுவந்தால் அது இப்படி மாறும்' என ஆசிரியர் கரும்பலகையைக் காட்டிச் சொல்கிறார். காட்சியோடு கேட்பவருக்கு இது தெளிவு. எழுத்தில் படிப்பவருக்கும் பார்வையற்றவருக்கும் இது பொருளற்ற தொடர். எனவே எழுத்துவடிவம் ஆக்குவோர் சுட்டுக்குரிய பெயரை வருவித்து எழுத வேண்டும். செய்யுளில் தொக்கு நின்றவற்றை உரையாசிரியர்கள் வருவித்துப் பொருள்கூறும் முறைக்கு இது மிகவும் நெருங்கியது. உரைமரபில் பயின்றவர் இப்பணிக்கு இயல்பாகவே தகுதியுடையவர்.

5.2 தொடரமைப்பும் காட்சியும்

ஆங்கிலத் தொடரில் முடிபு முன்னும் நிபந்தனை பின்னும் வருதல் இயல்பு. தமிழில் நிபந்தனை முன்னும் வினைமுற்று இறுதியிலும் வரும். ஆகவே ஆசிரியர் ஒரு குறியீட்டைத் திரையில் எழுதும் கணத்தில், தமிழ் எழுத்துவரியில் அக்குறியீட்டின் பெயர் இன்னும் தோன்றாதிருக்கலாம் அல்லது முன்னரே தோன்றி மறைந்திருக்கலாம். நீண்ட தொடரைச் சிறு தொடர்களாகப் பிரித்தலே இதற்குத் தக்க வழி. தமிழிலேயே பேசிப் பதிவு செய்யும் உரையில் இச்சிக்கல் எழுவதில்லை என்பதும் கருதத்தக்கது.

5.3 பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும்

தமிழில் நிகழ்த்தப்படும் அறிவியல் உரைகளில் பேச்சு வழக்கும் ஆங்கிலச் சொற்களும் கலந்து வருகின்றன. 'ஃபோர்ஸ் அப்ளை பண்ணும்போது' என்று ஆசிரியர் கூறுவதை அவ்வாறே எழுதுவதா, 'விசையைச் செலுத்தும்போது' என்று எழுதுவதா? செவித்திறன் குறைந்தவர் ஆசிரியர் கூறியதையே அறியும் உரிமை உடையவர். தேர்வெழுதும் மாணவருக்கோ எழுத்து வழக்கும் கலைச்சொல்லும் தேவை. திரையில் ஓடும் எழுத்துவரி உரையைப் பின்பற்றியும், தனியே வழங்கும் பாடநூல் வடிவம் எழுத்து வழக்கைப் பின்பற்றியும் அமைதல் இரு தேவைகளையும் நிறைவு செய்யும். முதலிடத்தில் ஆங்கிலச் சொல் வருமாயின், இரண்டாம் இடத்தில் அதற்குரிய தமிழ்ச்சொல் தவறாது இடம்பெற வேண்டும்.

6. கலைச்சொல் ஒருமையின்மை: 'நிறை', 'வேகம்'

அச்சுநூல் பெரும்பாலும் ஒரு நாட்டின் பாடத்திட்ட எல்லைக்குள் வழங்குவது. காணொளிக்கு அவ்வெல்லை இல்லை. சென்னையில் பதிவான தமிழ் உரையை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள மாணவர் கேட்கின்றனர். இலங்கை ஆசிரியரின் உரையைத் தமிழ்நாட்டு மாணவர் கேட்கின்றனர். அப்போது இருநாட்டுக் கலைச்சொற்களும் நேருக்கு நேர் சந்திக்கின்றன.

சில வேறுபாடுகள் புறத்தோற்றத்தால் அறியத்தக்கவை. தமிழ்நாட்டில் 'முடுக்கம்' எனப்படுவது இலங்கையில் 'ஆர்முடுகல்'. இங்கு 'ஹைட்ரஜன்', 'ஆக்சிஜன்'. அங்கு 'ஐதரசன்', 'ஒட்சிசன்'. புதிய சொல்லைக் கேட்பவர் அது தமக்குத் தெரியாத சொல் என உணர்ந்து தேடிக்கொள்வார். ஆகவே இங்கு இடர் சிறிது.

ஒரே சொல் இருவேறு பொருளில் வழங்கும்போதே பெரும் இடர் நேர்கிறது. ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'நிறை' என்கின்றன. அப்பொருளைப் புவி ஈர்க்கும் விசையை 'எடை' என்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் முன்னது 'திணிவு', பின்னதே 'நிறை'. பத்துக் கிலோகிராம் என்று ஒருவர் கூறும் 'நிறை', மற்றவர் வழக்கில் ஏறத்தாழ 98 நியூட்டன் ஆகிறது. அலகும் வேறு, கருத்தும் வேறு. இவ்வாறே திசை கருதாத விரைவு இங்கு 'வேகம்', அங்கு 'கதி'. திசையையும் உள்ளடக்கியது இங்கு 'திசைவேகம்', அங்கு 'வேகம்'. இயக்க விதிகளை விளக்கும் ஒரு மணிநேர உரையில் இவ்விரு சொற்களும் பலமுறை வரும். கேட்பவர் தாம் அறிந்த சொல்லே வந்ததாக எண்ணிப் பிழையாகப் புரிந்துகொள்வார். பிழை நேர்ந்ததையும் அறியார்.

இரு வழக்குகளும் தத்தம் கல்விமுறையில் நிலைபெற்றவை. தமிழில் அறிவியல் கற்பிக்கும் முயற்சிக்கு இலங்கையில் நெடிய வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களையும் கலைச்சொற்றொகுதிகளையும் உருவாக்கினார். தமிழ்நாட்டில் 1930களின் சொல்லாக்கக் குழுக்கள், 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம், 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கிய தமிழ்வழிப் பொறியியல் படிப்பு எனப் பிறிதொரு வரலாறு உண்டு. ஒன்றை விலக்கி மற்றொன்றை நிறுவ முற்படுதல் நடைமுறைக்கு ஒவ்வாது. உரையின் தொடக்கத்தில் எவ்வழக்குப் பின்பற்றப்படுகிறது என அறிவித்தலும், எழுத்துவடிவத்தின் இறுதியில் இருவழக்குச் சொற்களையும் பொருள் விளக்கத்துடன் இணைத்தலும் எளிதில் செய்யக்கூடியவை. தானியங்கி மொழிபெயர்ப்பு இருநாட்டு நூல்களையும் கலந்து பயின்று, ஒரே பத்தியில் இருவழக்குகளையும் பயன்படுத்தும் வாய்ப்புள்ளமையால் இக்கவனம் மேலும் தேவையாகிறது.

7. தமிழ்த்துறைகளின் பங்கு

தமிழில் இத்துறைக்கு அடித்தளம் இல்லாமலில்லை. 2001இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் இணையவழித் தமிழ்ப் பாடங்களையும் மின்னூலகத்தையும் வழங்குகிறது. தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் தொடங்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்களை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. 2023இல் பள்ளிக்கல்வித்துறை வெளியிட்ட செயலிக்குத் திருக்குறளின் கல்வி அதிகாரத்திலிருந்து 'மணற்கேணி' என்று பெயரிட்டமை பொருத்தமானது.

பள்ளி நிலையில் தமிழ்க் காணொளிகள் பெருகியுள்ளன. உயர்கல்வி நிலையில், குறிப்பாக அறிவியல், பொறியியல் துறைகளில், தமிழ் உரைகள் அரியனவாகவே உள்ளன. இவ்விடைவெளியை நிரப்பும் பொறுப்பைத் தொழில்நுட்ப நிறுவனங்களிடம் மட்டும் விட்டுவிடுதல் தகாது. பொருளறிவு அவர்களிடம் உள்ளது. சொல்லறிவும் பதிப்பு முறையும் தமிழ்த்துறைகளிடம் உள்ளன. பாடவேறுபாடு காட்டிப் பதிப்பித்தல், அருஞ்சொற்பொருள் அகராதி தொகுத்தல், உரை வரைதல் ஆகியவற்றில் பயிற்சியுடைய முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர், இயற்பியல் ஆசிரியர் ஒருவரோடு இணைந்து ஒரு பாடத்தின் தமிழ் எழுத்துவடிவத்தைச் செப்பனிடுவாராயின், அதனை ஆய்வுப்பணியாகவே மதிப்பிடுதல் வேண்டும். சுவடிப் பதிப்புக்கு வழங்கும் மதிப்பை இப்பணிக்கு மறுப்பதற்குக் காரணமில்லை.

ஆய்வு முடிபுகள்

* காணொளிப் பாடம் நன்னூலார் குறிக்கும் முதற் காற்பங்கை, அதாவது ஆசிரியர் உரையைக் கேட்டலை, மீளக் கேட்கும் வசதியோடு தருகிறது. உடன்பயிலலும் பிறர்க்கு உரைத்தலும் கல்லூரியில் அமைக்கப்பட வேண்டியவை.
* ஆசிரியர்க்கு மாற்றாகக் காணொளியைக் கொள்வது கற்றலின் முக்காற்பங்கைப் புறக்கணிப்பதாகும். மதிப்பீட்டுப் புள்ளிகளைக் காணொளிப் பாடத்திற்கு மாற்றும் கல்லூரிகள் ஐயம் தீர்க்கும் ஆசிரியரையும் உடன் அமர்த்த வேண்டும்.
* இலவசம், திறந்தநிலை, அணுகல் ஆகியவை வெவ்வேறானவை. மொழிபெயர்ப்புக்கும் பாதுகாப்புக்கும் உரிமமே அடிப்படை.
* எழுத்துவடிவம் காணொளியின் இணைப்பாகக் கருதப்படாமல் அதன் இன்றியமையாத கூறாகக் கருதப்பட வேண்டும்.
* தமிழ்நாடு, இலங்கைக் கலைச்சொல் வழக்குகளில் ஒரே சொல் இருபொருள் தரும் இடங்களைத் தொகுத்து வெளியிடுதல் உடனடித் தேவையாகும்.

முடிவுரை

ஆசிரியரைத் தேடி மாணவர் நடந்த காலம் மாறி, ஆசிரியரின் உரை மாணவரின் கைக்கருவியைத் தேடி வரும் காலம் அமைந்துள்ளது. என்.பி.டி.இ.எல். போன்ற திட்டங்கள் ஒரு சில நிறுவனங்களின் மதிலுக்குள் இருந்த அறிவைப் பொதுவாக்கின என்பதில் ஐயமில்லை. ஆயின் அவ்வறிவு தமிழ் மாணவரின் உள்ளத்தில் சென்று சேரும் இறுதித் தொலைவு மொழியால் கடக்கப்பட வேண்டியது. 'நிறை' என்னும் சொல்லைக் கேட்ட மாணவர் அதனைப் பிழையின்றி உணர்வதிலும், உணர்ந்ததைத் தம் தோழருக்குத் தமிழில் எடுத்துரைப்பதிலுமே அத்தொலைவு முடிவுறுகிறது. அவ்வாறு உரைக்கும் மாணவருக்குச் சொல்லும் நூலும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அவற்றை ஆக்கித் தருவது தமிழாய்வின் இன்றைய கடமைகளுள் ஒன்றாகும்.